ரெசின் முதல் வெள்ளிக் களிமண் வரை: அணிகலன் கேள்வி பதில்

கேள்வி: உலர்ந்த பூவை எபாக்சி ரெசினில் பதித்துப் பதக்கம் செய்தேன். மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது. வெயிலில் வைத்தால் காய்ந்துவிடுமா?

பதில்: காயாது. எபாக்சியில் ஆவியாகிப் போவதற்கு ஈரம் எதுவும் இல்லை. ரெசின் என்ற செயற்கைப் பிசினும், அதோடு கலக்கும் ஹார்டனர் என்ற திரவமும் ஒன்றோடொன்று வினைபுரிந்துதான் இறுகுகின்றன. ஒன்று கூடி மற்றொன்று குறைந்துவிட்டால், மிஞ்சியதற்கு இணை கிடைக்காமல் அது எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். அளவு சரியாக இருந்தும் இப்படி நேர்ந்தால், பெரும்பாலும் கிண்ணத்தின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருந்தது கலவாமல் அச்சுக்குள் போயிருக்கும். ஆகவே ஒரு கிண்ணத்தில் கலக்கியதை இன்னொரு சுத்தமான கிண்ணத்துக்கு மாற்றி, புதிய குச்சியால் மறுபடியும் நிதானமாகக் கலக்குங்கள். உங்கள் பதக்கத்தில் மேற்பரப்பு மட்டும் ஒட்டுகிறதென்றால், சரியாகக் கலந்த மெல்லிய அடுக்கு ஒன்றை மேலே ஊற்றிப் பார்க்கலாம். உள்ளேயும் கூழாக இருந்தால் கழித்துவிட வேண்டியதுதான். பூவை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்து, இதழைத் தொட்டால் சரசரக்கும்வரை உலர்த்துங்கள். ஈரம் சிறிது இருந்தாலும் இதழ் பழுப்பேறும்.

நீங்கள் கையுறை அணிந்தீர்களா என்று எழுதவில்லை. நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறை இல்லாமல் இறுகாத ரெசினைத் தொடாதீர்கள். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும். தோலில் பட்டதை ஸ்பிரிட்டால் துடைப்பது அதை மேலும் பரப்பும்; சோப்பும் தண்ணீரும் போதும்.

கேள்வி: அளவுக் கோப்பையை விட்டுவிட்டு எலக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்டேன். ஒன்றுக்கு ஒன்று என்று கிராம் கணக்கில் எடுக்கிறேன். இதுதானே துல்லியம்?

பதில்: புட்டியில் அச்சிட்டிருக்கும் விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்பதை முதலில் பாருங்கள். ஹார்டனர் பொதுவாக ரெசினைவிட இலேசானது. ஒரு மில்லிலிட்டர் ரெசின் 1.12 கிராம், ஹார்டனர் 0.97 கிராம் என்று வைத்துக்கொண்டால், கன அளவில் ஒன்றுக்கு ஒன்று என்பது எடையில் 100க்கு ஏறத்தாழ 87 ஆகும். அங்கே நீங்கள் 100க்கு 100 எடுத்தால், ஹார்டனர் சுமார் 15 விழுக்காடு கூடிவிடும். தயாரிப்பாளர் எடை விகிதத்தைத் தனியாகத் தந்திருந்தால் தராசு மிக நல்லது. தராவிட்டால் கோப்பைக்கே திரும்புங்கள்.

கேள்வி (வேறோர் உறுப்பினர்): இதை ஏற்க முடியவில்லை. நான் எப்போதும் ஹார்டனரைச் சற்றுக் கூட்டித்தான் விடுகிறேன். சீக்கிரமே இறுகுகிறது, ஒட்டுவதும் இல்லை.

பதில்: இந்தப் பழக்கம் பாலியெஸ்டர் ரெசினிலிருந்து வந்தது. அதில் ஓரிரு விழுக்காடு மட்டும் சேர்க்கும் திரவம் வினையைத் தொடங்கிவைக்கும் வேலையையே செய்வதால், ஒரு வரம்புக்குள் கூட்டினால் வேகம் கூடும். எபாக்சியின் ஹார்டனரோ இறுகிய பொருளிலேயே ஒரு பகுதியாக அமைவது. அதைக் கூட்டினால் பொருள் நெகிழ்ந்துபோகும். உங்கள் பதக்கத்தை ஒரு வாரம் கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மெல்ல மேலெழுந்தால், அது முழுமையாக இறுகவில்லை.

கேள்வி (அதே உறுப்பினர்): நகம் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. அப்படியானால் என் முறை சரிதானே?

பதில்: அந்தக் குறிப்பிட்ட ரெசின் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். பதக்கத்தை வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். குறை அங்கேதான் வெளிப்படும். இதற்கு மேல் இந்த வாதத்தை நான் தொடரப் போவதில்லை.

கேள்வி: என் ரெசினும் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: யூவி ரெசினில் (புற ஊதா விளக்கொளியில் இறுகும் ரெசின்) கறுப்பு நிறம் சேர்த்தேன். மேலே கண்ணாடியாக இருக்கிறது, அடியில் திரவமாகவே நிற்கிறது.

பதில்: ஒளி உள்ளே போகவில்லை. இவ்வகை ரெசின்கள் பெரும்பாலும் 365 முதல் 405 நானோமீட்டர் ஒளிக்கு இறுகுகின்றன. அடர்ந்த நிறமி அந்த ஒளியை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். நிறத்தைக் குறைத்து, மிக மெல்லிய அடுக்குகளாக ஊற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியாக விளக்கில் வையுங்கள். கையுறை இங்கும் கட்டாயம். இதிலுள்ள அக்ரிலேட் வகைப் பொருள்கள் பல்லடைப்புக் கலவைகளிலும் உண்டு என்பதால், இந்த ஒவ்வாமை பல் மருத்துவரின் நாற்காலிவரை உங்களைத் தொடரக்கூடும்.

கேள்வி: பாலிமர் களிமண் தோடு மடக்கென்று உடைகிறது. சூட்டைக் கூட்டிச் சீக்கிரமாகச் சுடலாமா?

பதில்: கூட்டாதீர்கள். அது பிவிசி என்ற பிளாஸ்டிக்கும் அதை மென்மையாக்கும் நெகிழ்வூட்டியும் சேர்ந்த பொருள். அளவுக்கு மீறிச் சூடானால் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் எரிச்சலூட்டும் வாயுவை விடும். எளிதாக உடைவது பெரும்பாலும் போதிய அளவு சுடாததன் அடையாளம். சுடும் மின்அடுப்பின் (ஓவன்) குமிழ் காட்டும் சூட்டை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து, பொட்டலத்தில் குறித்திருக்கும் சூட்டில், பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரிக்குள், நேரத்தை மட்டும் நீட்டுங்கள்.

கேள்வி: தோடு ஒன்றுக்கு என்ன விலை வைக்கலாம்?

பதில்: அது என் துறை அன்று, விற்பனை செய்யும் உறுப்பினர்களைக் கேளுங்கள்.

கேள்வி: வெள்ளிக் களிமண்ணில் மோதிரம் செய்ய விரும்புகிறேன். அளவு எப்படி எடுப்பது?

பதில்: விரலைவிடப் பெரிதாக எடுக்க வேண்டும். மிக நுண்ணிய வெள்ளித் துகள்களைக் கரிமப் பசையும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்ததே இந்தக் களிமண். சுடும்போது பசை எரிந்துபோக, துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று பிணைந்து நெருங்குவதால் உரு சுருங்குகிறது. பல வகைகள் 8 முதல் 12 விழுக்காடு சுருங்கும்; சில அதைவிட அதிகம். அதே களிமண்ணில் ஒரு பட்டையைச் செய்து, சுடுவதற்கு முன்னும் பின்னும் அளந்துகொண்டு பிறகு மோதிரத்தைத் தொடங்குங்கள். சூடு 962 டிகிரியைத் தொட்டால் வெள்ளி உருகி மணியாகத் திரண்டுவிடும். கிடைப்பது தூய வெள்ளி என்பதால் தாமிரம் கலந்த ஸ்டெர்லிங் வெள்ளியைவிட மென்மையாக இருக்கும். பட்டையைச் சற்றுத் தடிமனாகவே வையுங்கள்.

கேள்வி: நான் செய்த தோட்டை அணிந்தவருக்குக் காது அரிக்கிறது. ரெசின்தான் காரணமா?

பதில்: ரெசின் முழுமையாக இறுகியிருந்தால் அதைச் சந்தேகிப்பதற்கு முன் காதுக்குள் போகும் தண்டைப் பாருங்கள். மலிவான தண்டுகளில் முலாமுக்கு அடியில் நிக்கல் இருப்பது வழக்கம். முலாம் தேய்ந்ததும் அது வெளியே வரும். டைமெத்தில்கிளையாக்சைம் சோதனைத் திரவத்தில் நனைத்த பஞ்சால் தேய்க்கும்போது பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது. டைட்டானியம் அல்லது நியோபியம் தண்டுக்கு மாறுங்கள். அரிப்பு நிற்கும்வரை அவர் அந்தத் தோட்டை அணியக் கூடாது.