மனநல மாத்திரை சாப்பிட்டால் கை ஏன் நடுங்குகிறது?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடும் தம்பிக்குக் கை நடுங்குகிறது; பக்கவிளைவு இல்லாத மருந்தைச் செய்ய முடியாதா?

பழைய மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து பொருந்தும் டி2 என்ற ஏற்பியை அடைக்கின்றன. மூளையில் அசைவை நடத்தும் பகுதியிலும் அதே ஏற்பி இருப்பதால்தான் நடுக்கம். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறந்தால் நாற்று வயலுக்கும் போகும், அறுவடைக்கு நிற்கும் வயலுக்கும் போகும். மருந்தும் அப்படித்தான். டோபமைனை விட்டு, அசிடைல்கோலின் என்ற இன்னொரு செய்திப்பொருளின் மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாகவும் மருந்து தேடுகிறார்கள். அவை எம்1 முதல் எம்5 வரை ஐந்து வகை. அசிடைல்கோலின் பொருந்தும் குழி ஐந்திலும் ஏறக்குறைய ஒன்றே; எனவே ஒன்றுக்கு மட்டும் பொருந்தும் மூலக்கூறு அமைவது மிகக் கடினம். வேதியியலாளர்கள் அதே ஏற்பியில் வகைக்கு வகை மாறுபடும் வேறொரு குழியைத் தேடுகிறார்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. சனோமெலின் என்ற மருந்து எம்1, எம்4 ஏற்பிகளைத் தூண்டும். ஆனால் குடலையும் தூண்டி வாந்தி வரவழைக்கும். அதனுடன் மூளைக்குள் பெரிதாக நுழையாத ட்ரோஸ்பியம் என்ற தடுப்பு மருந்தைச் சேர்த்தார்கள். அது மூளைக்கு வெளியே, உடலில் மட்டும் அந்த ஏற்பிகளின் மதகை அடைக்கிறது! 2024 செப்டம்பரில் அமெரிக்கா இந்தக் கூட்டு மருந்தை மனச்சிதைவுக்கு அனுமதித்தது. குமட்டல் முழுமையாகப் போய்விடவில்லை. ஆனால் இது டி2 ஏற்பியை நேரடியாக அடைப்பதில்லை.