நாட்டு நாய் வளர்ப்பு: இணை சேர்ப்பதிலிருந்து குட்டி கைமாறும் வரை – கேள்வி பதில்

கேள்வி (சிவகாசி): அண்ணா, என் ராஜபாளையம் பெட்டைக்குப் பத்து மாதம் ஆகிறது. முதல் தடவையாக ஹீட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வந்திருக்கிறது. பக்கத்து ஊரில் நல்ல ஆண் நாய் இருக்கிறது. சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அதற்கே இன்னும் உடம்பு வளர்ந்து முடியவில்லை. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளும் 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வயது தாண்டிய பெட்டையைச் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. குட்டிகளை விற்பதற்காக வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

இப்போதைக்கு மூன்று வாரம் கதவைப் பூட்டி வையுங்கள். ரத்தம் நின்றுவிட்டது, ஹீட் முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே விடும் நாளில்தான் பெரும்பாலும் அது கருத்தரிக்கத் தயாராக இருக்கும்.

கேள்வி (தேனி): ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு ஆரோக்கியம் என்கிறார்களே சார்?

பதில்: அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கருத்தடை செய்யாத பெட்டைக்கு, குட்டி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. வயது ஏற ஏற அது கூடும். ரொம்பத் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், சோர்ந்து படுக்கும். இதைப் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். குட்டி எடுக்கும் எண்ணம் இல்லை என்றால் கருத்தடைதான் சரி.

கேள்வி (ராஜபாளையம்): எங்கள் ஈத்தில் ஏழு குட்டி. எல்லாம் பால் வெள்ளை, ரோஜா மூக்கு. ஒன்று மட்டும் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வளர வளரச் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த இனத்தில் எல்லோரும் முதலில் பேச வேண்டிய விஷயம் இதுதான், ஆனால் விற்பவர்கள் கடைசியில்கூடப் பேசுவதில்லை.

நிறம் கொடுக்கும் செல்கள் தோலில் மட்டும் இல்லை, உள்காதிலும் இருக்கின்றன. கேட்கும் நுண்மயிர்ச் செல்கள் உயிரோடு இருப்பதற்கு அவை வேண்டும். உடம்பை வெள்ளையாக்கும் மரபணு அந்தச் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேருவதையும் தடுத்துவிட்டால், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் கேட்கும் செல்கள் அழிந்துவிடும். மருந்து எதுவும் கிடையாது. வெள்ளை டால்மேஷியனுக்கும் இதே கதிதான்.

வீட்டில் சோதிக்க ஐந்து வாரம் முடியட்டும். குட்டியைத் தனியாக ஓர் அறைக்குக் கொண்டுபோங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும், நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். அது அசந்து தூங்கும்போது பின்னால் இருந்து விசில் அடியுங்கள். தரையைத் தட்டாதீர்கள், அருகில் கை தட்டாதீர்கள்; அதிர்வும் காற்றும் பட்டாலே எழுந்துவிடும். இன்னொரு அறிகுறி: கூடப் பிறந்ததைக் கடிக்கும்போது அது கத்துவது கேட்காததால், செவிட்டுக் குட்டி பிடியை விடாது.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அது கூப்பிட்டால் வரும், காவல் காக்கும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அதை இணை சேர்த்தால் குறை குட்டிகளுக்கு இறங்கும். அதைக் கண்டுபிடிக்க மூளையின் ஒலி எதிர்வினையை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக மின்முனை வைத்து அளக்கும் ‘பேர்’ (BAER) சோதனை உண்டு. ஐந்து வாரத்துக்குப் பிறகு செய்யலாம், வலிக்காது. எல்லா ஊரிலும் கிடைக்காது என்றாலும், அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரியுங்கள்.

அந்தக் குட்டியைக் கருத்தடை செய்து, கை சைகையில் பழக்கக்கூடிய, சுற்றுச்சுவர் உள்ள வீட்டுக்கு உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். தாயையும் தகப்பனையும் மறுபடி ஒன்றாகச் சேர்க்காதீர்கள். அந்த ஈத்தின் மற்ற ஆறையும் காதுச் சோதனை இல்லாமல் யாரும் இனப்பெருக்கத்துக்கு எடுக்கக் கூடாது. உடம்பில் பழுப்புத் திட்டு விழுந்த குட்டியைக் ‘கலப்பு’ என்று கழிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அதன் காது நன்றாகக் கேட்டால் இனத்துக்கு உதவப்போவது அதுதான்.

கேள்வி (கோவில்பட்டி): சிப்பிப்பாறையில் ப்ளட்லைன் கெடாமல் இருக்க அண்ணன் தங்கையையே சேர்க்கிறார்கள். தப்பா?

பதில்: தப்புதான். கூடப் பிறந்ததைச் சேர்த்தாலும் அப்பனையும் மகளையும் சேர்த்தாலும், குட்டியின் மரபணு இணைகளில் சராசரியாக 25 சதவீதம் ஒரே மூதாதையின் ஒரே பிரதியாக அமைந்துவிடும். தகப்பன் மட்டும் ஒன்று என்றால் 12.5. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் உறவில் 6.25. மறைந்து கிடக்கும் குறை வெளியே வருவது இந்த வழியில்தான். முதலில் தெரிவது பெரிய நோயாக இருக்காது. குட்டி எண்ணிக்கை குறையும், பிறந்த வாரமே ஒன்றிரண்டு சாகும், பெட்டை சினை பிடிக்காமல் போகும்.

இந்தக் கணக்கும் மூதாதைகளுக்குள் உறவே இல்லை என்று வைத்துப் போட்டது. நம் பக்கத்தில் நான்கைந்து கிராமத்துக்குள்ளேயே நாய்கள் சுற்றிச் சுற்றிச் சேர்ந்திருப்பதால் உண்மை அளவு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். குறைந்தது நான்கு தலைமுறையை நோட்டில் எழுதி வையுங்கள், நாய்க்கு மைக்ரோசிப் போடுங்கள். முயல் வேட்டையில் பேர் எடுத்த ஒரே ஆண் நாயை ஊரெல்லாம் தேடிப் போவதும் இதே ஆபத்துதான். பத்து வருடம் கழித்து எந்தப் பெட்டைக்கு மாப்பிள்ளை தேடினாலும் அதன் பேரனே வந்து நிற்கும்.

கேள்வி (மதுரை): பதினோராம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று கணக்குப் பார்த்து இரண்டு தடவை சேர்த்தோம். சினை பிடிக்கவில்லை. ஆண் நாயிடம் குறையா?

பதில்: நாள் கணக்கில் குறை இருக்கலாம். ரத்தம் தெரிந்த ஏழாம் நாளே முட்டை வெளியாகும் பெட்டையும் உண்டு, இருபதாம் நாள் வரை இழுக்கும் பெட்டையும் உண்டு. ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவு பாருங்கள். மில்லி லிட்டருக்கு 2 நானோகிராமைத் தொட்டால் நெருங்கிவிட்டது. 5-ஐ ஒட்டி வந்தால் முட்டை வெளியாகிறது. நாய்க்கு முட்டை வெளியானதும் கருத்தரிக்காது. முதிர இன்னும் இரண்டு நாள் வேண்டும். ஆகவே 5 வந்ததிலிருந்து இரண்டாம் நாளும் நான்காம் நாளும் சேர்த்தால் போதும். சோதனைக்கு வழியில்லை என்றால், கசிவு வெளுத்து, பிறப்புறுப்பு மென்மையாகி, வாலை ஒருபக்கம் ஒதுக்கி நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். ஒட்டிக்கொண்டு நிற்கும் நேரம் ஐந்து நிமிடமும் இருக்கும், அரை மணிக்கு மேலும் போகும். பிடித்து இழுத்துப் பிரிக்கவே கூடாது, இரண்டுக்கும் காயமாகும்.

அதற்கு முன் இரண்டு நாய்க்கும் புரூசெல்லா சோதனை செய்யுங்கள். சேரும்போது பரவும் இந்தக் கிருமி ஏறக்குறைய ஏழாவது வாரத்தில் கருவைக் கலைத்துவிடும். ஆண் நாயை மலடாக்கும், மனிதருக்கும் தொற்றும். ஆண் நாயை வெளியே அனுப்பிக் காசு வாங்குபவர்கள் இந்தச் சோதனைச் சீட்டைக் காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): சினையாக இருக்கிறது. தினமும் கால்சியம் டானிக் ஊற்றலாமா? எவ்வளவு சாப்பாடு?

பதில்: கால்சியம் ஊற்றாதீர்கள் அம்மா. வெளியிலிருந்து தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மந்தமாக்கிவிடும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும்போது உடனே எடுக்க முடியாமல் தாய்க்கு ஜன்னி கண்டுவிடும். மூச்சிரைப்பு, விறைத்த நடை, நடுக்கம், உடம்பு கொதிப்பு எல்லாம் வரும். சில மணி நேரத்தில் உயிர் போகும். மருத்துவர் இதயத்துடிப்பைக் கவனித்தபடி மெதுவாக நரம்பில் கால்சியம் ஏற்றினால் பிழைக்கும்.

சாப்பாட்டை முதல் நான்கு வாரம் கூட்ட வேண்டாம். ஐந்தாம் வாரத்திலிருந்து மெல்லக் கூட்டி, குட்டி போடும்போது வழக்கத்தைவிடக் கால் பங்கிலிருந்து பாதி வரை அதிகம் இருக்கட்டும். வயிற்றில் இடம் இருக்காது, மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். பால் கொடுக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்கும். தயிர்ச்சோறும் பால்சோறும் இந்த நேரத்துக்குப் போதவே போதாது. குட்டி நாய்களுக்கான தரமான தீவனம், அல்லது முட்டையும் கறியும் ஈரலும் சரிவிகிதமாகச் சேர்ந்த சாப்பாடு வேண்டும்.

கேள்வி (விருதுநகர்): குட்டி போடும்போது எப்போது பயப்பட வேண்டும்? மெடிக்கலில் வலி ஊசி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் அந்த ஊசியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையை இறுக்கும். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது போட்டால் கர்ப்பப்பை கிழியும். கிழியாவிட்டாலும் நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்து உள்ளே இருக்கும் குட்டிகள் மூச்சு முட்டிச் சாகும். எந்தக் குட்டி எப்படிக் கிடக்கிறது என்று தெரியாமல் போடக்கூடிய ஊசி இல்லை இது.

செய்ய வேண்டியது வேறு. 25-ஆம் நாளுக்குப் பிறகு ஸ்கேனில் சினையை உறுதிசெய்யலாம். 55-ஆம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணலாம். ஐந்து தெரிந்து நான்கு வந்தால் உள்ளே ஒன்று இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முட்டை வெளியான நாளிலிருந்து 63 நாள், ஒன்றிரண்டு முன்பின். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை போகும். கடைசி வாரம் காலையும் மாலையும் ஆசனவாயில் சூடு பாருங்கள். 99 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஒரு நாளுக்குள் வலி எடுக்கும்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரங்கள்: விடாமல் முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை; உள்ளே குட்டி இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓய்ந்து கிடக்கிறது; முதல் குட்டி வருமுன்பே கரும்பச்சைக் கசிவு வருகிறது; சூடு இறங்கி ஒரு நாளாகியும் வலி தொடங்கவில்லை. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே அறுவை செய்வார்களா என்று 55-ஆம் நாளே கேட்டு வையுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி உடம்பு வேட்டை நாய் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிரேஹவுண்ட் வகை நாய்கள் தயோபென்டோன் மயக்கத்திலிருந்து தெளிய வெகுநேரம் ஆகும், வேறு மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

குட்டி போடும் பெட்டி நான்கு அடிக்கு நான்கு அடி. உள்சுவரைச் சுற்றித் தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் ஒரு கட்டை ஓட வேண்டும். தாய் சாயும்போது குட்டி நசுங்காமல் அதன் அடியில் ஒதுங்கும். தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் கட்டி, அதற்கு அப்பால் வெட்டி, போவிடோன் அயோடின் தடவுங்கள்.

கேள்வி (ஒட்டன்சத்திரம்): பிறந்த மூன்றாம் நாள் குட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. பசும்பால்கூட ஊட்டிப் பார்த்தோம்.

பதில்: சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டியிருப்பீர்கள். பிறந்த முதல் வாரம் குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. உடம்புச் சூடு 94 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் குடல் நின்றுவிடும். ஊட்டிய பால் செரிக்காமல் தேங்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். முதலில் நெஞ்சோடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்தோ ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்லச் சூடேற்றுங்கள். 97-ஐத் தாண்டிய பிறகு பால்.

முதல் வாரம் குட்டி கிடக்கும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை இரவில் பல்பு கட்டாயம். அதைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடுங்கள், சுட்டால் குட்டி நகர்ந்து போகட்டும். குவியலாக ஏறிக் கிடந்தால் குளிர். ஆளுக்கொரு மூலையில் கிடந்து கத்தினால் வெக்கை. சித்திரையில் பல்பே வேண்டியிருக்காது.

பசும்பாலில் நாய்ப்பாலின் பாதி கொழுப்பும் புரதமும்கூட இல்லை, பால் சர்க்கரையோ அதிகம், வயிற்றுப்போக்கு வரும். கடையில் குட்டிகளுக்கான பால் பவுடர் கிடைக்கிறது. ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்கு ஒருமுறை. குப்புறப் படுக்கவைத்து ஊட்டுங்கள், மல்லாக்க அல்ல. ஊட்டிய பின் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் சிறுநீர் போகும். ஆனால் முதல் நாளில் சீம்பாலுக்கு ஈடாக எந்தப் பவுடரும் கிடையாது. பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் தாயிடம் குடித்ததா என்று நின்று பாருங்கள்.

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். குட்டிக்கு ஒரு நிற நூல் கட்டி, தினம் இருவேளை எடை எழுதுங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம். பிறகு தினமும் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். 350 கிராமில் பிறந்தது பத்து நாளில் 700-ஐ எட்ட வேண்டும். சாவதற்கு ஒரு நாள் முன்பே தராசு சொல்லிவிடும். தாயின் மடியையும் அமுக்கிப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் கல்லாகச் சுட்டால் மடி வீக்கம். சூடும் பாலும் சரியாக இருந்தும் வரிசையாகச் செத்தால் தொற்று. செத்த குட்டியைப் புதைக்காமல் குளிரில் வைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (அதே நபர்): பூச்சி மருந்து எப்போது?

பதில்: இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் வாரம், எடை பார்த்து, பைரான்டெல் கிலோவுக்கு 5 மில்லிகிராம். தாய்க்கும் அதே நாளில். உருண்டைப் புழு கருவிலேயே குட்டிக்குள் போகிறது, கொக்கிப் புழு பாலில் வருகிறது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். ஈறு வெளுத்து மலம் கறுத்தால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி (சென்னை): தடுப்பூசி போட்ட குட்டிக்கே பார்வோ (ரத்த வயிற்றுப்போக்கு வைரஸ் நோய்) வந்துவிட்டது. ஊசி போலியா?

பதில்: அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தாயிடமிருந்து சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியையே அடக்கிவிடும். அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும் வரை போடுகிறோம். இரண்டு ஊசியோடு நிறுத்தினால் அந்த இடைவெளியில் நோய் புகும். வெறிநோய் ஊசி 12 வாரத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். பினாயிலுக்குச் சாகாது. மலத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள்.

கேள்வி (திருச்சி): முப்பது நாளில் குட்டியைக் கேட்கிறார்கள். கொடுத்தால் என்ன?

பதில்: எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பது விதிப்படி குற்றம். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்ததிடமும் கற்றுக்கொள்வது அந்தக் கடைசி நான்கு வாரத்தில்தான். முப்பது நாளில் போன குட்டி வளர்ந்த பிறகு கையைப் பதம் பார்த்தால் ‘ஆக்ரோஷமான இனம்’ என்று பழி வரும். மூன்றாம் வாரத்திலிருந்து குக்கர் விசில், மிக்ஸி, குழந்தைகள், குடை, தலையில் துண்டு கட்டியவர் என எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டுங்கள். காது அறுத்துக் கேட்பவருக்குக் குட்டி கொடுக்காதீர்கள்.

கொடுக்கும்போது கூடவே போக வேண்டியது: ஊசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், காதுச் சோதனை முடிவு, பெற்றோர் வம்சக் குறிப்பு, இப்போது சாப்பிடும் தீவனத்தில் ஒரு வாரத்துக்கானது. திடீரென்று சாப்பாட்டை மாற்றினால் வயிறு கெடும். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், அதற்கு ஒரு கூண்டு காலியாக வைத்திருங்கள்.