பல்கலைக்கழகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு வீடு: வாங்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் பெருநகரத்தில் பணிபுரிகிறோம். அங்கே வீடு வாங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாததால், ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு பல்கலைக்கழக ஊரில் வீடு பார்த்திருக்கிறோம். பல்கலைக்கழகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் உள்ள அந்தப் பகுதியை, இளைஞர்கள் நிறைந்த, கலகலப்பான இடம் என்கிறார் தரகர். கணவருக்கு அது பிடித்திருக்கிறது; எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இந்த வீட்டை வாங்கலாமா?

பதில்: தரகர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அந்தச் சொற்களை நீங்கள் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பகுதியின் வயது ஆண்டுதோறும் இருபதைச் சுற்றியே நிற்கிறது என்றால், வயது ஏறுகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்து கிளம்பிவிடுகிறார்கள் என்று பொருள். நீங்கள் இன்று பார்க்கும் அண்டை வீட்டார் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்கள் இடத்துக்கு அதே வயதில் வேறு சிலர் வந்திருப்பார்கள். ஆகவே நீங்கள் எடைபோட வேண்டியது இளைஞர்களை அல்ல, ஓயாத இந்த இடமாற்றத்தைத்தான். அதைத் தாங்கும் தெருவும் உண்டு, தாங்காத தெருவும் உண்டு. இரண்டும் ஒரே பகுதிக்குள், சில நிமிட நடைத் தொலைவில் இருக்கக்கூடும்.

வீட்டு விலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன. நான்கு அறைகள் உள்ள வீட்டை ஒரு குடும்பம் எடுத்தால், ஒன்றோ இரண்டோ சம்பளத்திலிருந்து அதற்கு வாடகை வரும்; அதே வீட்டை நான்கு மாணவர்கள் அறைக்கு ஒருவராகப் பங்கிட்டுக்கொண்டால், நான்கு வீடுகளிலிருந்து பெற்றோர் அனுப்பும் பணம் ஒரே கூரையின் கீழ் சேர்கிறது. உரிமையாளர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதலீட்டுக்காக வீடு வாங்குகிறவர்கள் அந்த நான்கு பங்கு வாடகையை வைத்தே விலை பேசுவதால், குடியிருக்க வாங்கும் குடும்பம் அவர்களோடு போட்டி போட வேண்டியதாகிறது. பிரிட்டிஷ் புவியியலாளர் டேரன் ஸ்மித் 2000-களின் தொடக்கத்தில், மாணவர் குடியேற்றத்தால் ஒரு பகுதி உருமாறும் இந்தப் போக்குக்குத் தனிப் பெயரே சூட்டி ஆராய்ந்தார். குடும்பங்கள் குறையக் குறைய ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் குறைவதும், விடுமுறை மாதங்களில் கடைகள் வெறிச்சோடுவதும் அத்தகைய பகுதிகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டவை. அந்நாட்டின் சில உள்ளாட்சிகள், குறிப்பிட்ட சுற்றளவுக்குள் பலர் பங்கிட்டு வாழும் வீடுகள் 10 சதவீதத்தைத் தாண்டினால் புதிதாக அனுமதி தர மறுக்கின்றன. நீங்கள் வாங்கும் ஊரில் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். விதி இல்லாவிட்டாலும் அந்த அளவுகோல் உங்களுக்குப் பயன்படும்: நீங்கள் பார்த்திருக்கும் வீட்டுக்கு இருபுறமும் எதிரிலுமாக இருபது வீடுகளை எண்ணுங்கள், அவற்றில் இரண்டு பங்கீட்டு வீடுகள் என்றால் கவலை இல்லை, எட்டோ பத்தோ என்றால் அந்தத் தெருவின் போக்கு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. வாசலில் ஐந்தாறு மிதிவண்டிகள், சன்னலில் திரைச்சீலைக்குப் பதில் படுக்கைவிரிப்பு, அறைக்கதவுகளில் தனித்தனிப் பூட்டு ஆகியவை இருந்தால் அது பங்கீட்டு வீடு என்று யாரிடமும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

புள்ளிவிவரங்களை மட்டும் நம்பி அஞ்ச வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருமானமில்லாத மாணவர்கள் கணக்கில் சேர்வதால் பல்கலைக்கழக ஊர்கள் காகிதத்தில் ஏழ்மையானவையாகத் தோன்றும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, வளாகத்துக்கு வெளியே வசிக்கும் மாணவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் பல கல்லூரி ஊர்களின் வறுமை விகிதம் கணிசமாக இறங்குவதைக் காட்டியது.

அடுத்து, நேரம். இந்த ஊர் இரண்டு கடிகாரங்களின்படி இயங்குகிறது: ஒன்று கல்வியாண்டு, மற்றொன்று ரயில் கால அட்டவணை. வீடு பார்க்கச் செல்பவர்களில் பலர் விடுமுறை மாதத்தில், அதுவும் பகலில், செல்கிறார்கள். தரகரின் புகைப்படங்களும் பெரும்பாலும் அப்போது எடுத்தவையாகவே இருக்கும். அந்த வாரங்களில் தெரு ஓய்வுபெற்றவர்களின் குடியிருப்பைப் போல அமைதியாக இருக்கும். நீங்கள் வகுப்புகள் நடக்கும் காலத்தில், ஒரு வார நாள் இரவு பதினொரு மணிக்கு மேல், அந்த வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஆண்டிறுதியில் வீடுகள் காலியாகும் வாரத்திலும் ஒருமுறை செல்லுங்கள்: தெருவோரத்தில் மெத்தைகளும் நாற்காலிகளும் குவிந்து கிடக்கின்றனவா, அவற்றை உள்ளாட்சி எத்தனை நாளில் அகற்றுகிறது என்பதைப் பார்த்தாலே அந்த ஊரின் நிர்வாகத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

உங்கள் மகளை நினைத்து இதை அழுத்திச் சொல்கிறேன். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வரை தூக்கம் தேவை. அப்படியென்றால் தெரு விழித்தெழும் நேரத்தில் அவள் தூங்கப் போக வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஒலி 30 டெசிபலுக்குள்ளும், திடீர் ஒலிகள் 45 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. இரவில் சன்னலுக்குக் கீழே சிரித்துப் பேசிக்கொண்டு போகும் ஒரு சிறு கூட்டமே, சன்னல் திறந்திருந்தால், இந்த இரண்டாவது அளவைத் தாண்டிவிடும். அதில் யாருடைய குற்றமும் இல்லை, ஆனால் குழந்தை விழித்துக்கொள்ளும். அதனால்தான் பல்கலைக்கழகத்துக்கும் நிலையத்துக்கும் இடையே மாணவர்கள் நடந்துபோகும் நேர்வழியில் அந்த வீடு இருந்தால் நான் வேண்டாம் என்பேன். அந்த வழியிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்து, படுக்கையறைகள் பின்பக்கம் இருந்தால், என் பதில் வேறு.

ரயிலைப் பற்றி நீங்கள் முக்கால் மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும். நேரம் பார்க்காமல் நிலையத்துக்குப் போகிறவர் சராசரியாக இரண்டு வண்டிகளின் இடைவெளியில் பாதியளவு காத்திருப்பார். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் 40 நிமிடப் பயணமும், அரை மணிக்கு ஒரு வண்டி ஓடும் 30 நிமிடப் பயணமும் அவருக்கு ஒன்றுதான். ஒரு வண்டி ரத்தானால் முதலாமவர் பத்து நிமிடம் இழக்கிறார், இரண்டாமவர் அரை மணி நேரம் இழக்கிறார். மாலையில் பள்ளியிலிருந்து மகளை அழைக்க வேண்டியவர் யார் என்பதை முடிவுசெய்யும்போது இந்தக் கணக்கு முக்கியமாகும். மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்கெட்டி 1994-இல் எழுதினார். நீங்கள் இருவரும் அதைக் கடந்துதான் வாழப்போகிறீர்கள். பொருளாதார அறிஞர்கள் புரூனோ ஃபிரையும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மன் குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, நீண்ட பயணம் செய்வோரின் வாழ்க்கை நிறைவு குறைவாக இருந்ததையும், மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அதை முழுமையாக ஈடுகட்டாததையும் கண்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய இருவருக்கும் வாய்ப்பு உண்டென்றால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

இரண்டு கடிகாரங்களும் மோதும் இடம் ஒன்று உண்டு. நிலையத்துக்குச் செல்லும் பேருந்து பல்கலைக்கழகத்தை நம்பி ஓடுவதாக இருந்தால், விடுமுறைக் காலத்தில் அதன் எண்ணிக்கை குறைக்கப்படும். மாணவர்களுக்கு விடுமுறை, உங்களுக்கு இல்லை. இரண்டு பருவங்களின் அட்டவணைகளையும் கேட்டு வாங்குங்கள், அல்லது நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய வீடாகப் பாருங்கள்.

கணவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவுள்ள வேறு ஊரில் கிடைக்காத நூலகம், பொது உரைகள், விளையாட்டுத் திடல், இரவிலும் ஓடும் பேருந்து ஆகியவை பல்கலைக்கழகத்தால் கிடைக்கின்றன. பேராசிரியர்களும் அலுவலர்களும் நிலையாகக் குடியிருக்கும் தெருக்கள் அந்த ஊரில் கட்டாயம் இருக்கும். அவை எவை என்று பல்கலைக்கழக ஊழியர் ஒருவரிடம் கேட்டால் தரகரைவிடத் தெளிவாகச் சொல்வார்.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: இந்த வீட்டை இப்போது வாங்காதீர்கள், அதே ஊரில் ஒரு முழுக் கல்வியாண்டு வாடகைக்கு இருங்கள். கல்வியாண்டு தொடங்கி ஓரிரு மாதம் கழித்து வீடு தேடினால் பேரம் உங்கள் பக்கம் இருக்கும், ஏனெனில் அப்போது காலியாக நிற்கும் வீட்டுக்கு அடுத்த ஆண்டுவரை மாணவர் கிடைப்பது கடினம் என்பது உரிமையாளருக்குத் தெரியும். ஒப்பந்தம் அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் ஊரே வீடு தேடும் வாரத்தில் நீங்களும் தேட வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டில் மாணவர்கள் இருந்தால், அவர்கள் குடிவந்த முதல் வாரத்திலேயே போய் அறிமுகமாகி, கைபேசி எண்ணைக் கொடுத்து, வீட்டில் குழந்தை இருப்பதைச் சொல்லுங்கள். முதன்முறையாக வீட்டைவிட்டு வந்திருக்கும் அவர்களில் பலருக்குக் குப்பை எந்த நாளில் எடுக்கப்படும் என்பதுகூடத் தெரியாது, சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஆட்கள் மாறுவதால் ஆண்டுதோறும் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் சலிப்பு.

அந்த ஓராண்டில், பல்கலைக்கழகம் புதிய விடுதிகள் கட்டத் திட்டமிட்டிருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். ஆயிரம் படுக்கைகள் கொண்ட விடுதி ஒன்று திறந்தால், அத்தனை மாணவர்கள் ஊருக்குள் வீடு தேடுவது நிற்கும். பங்கீட்டு வீடுகள் சில விற்பனைக்கு வரும், குடும்பங்கள் திரும்பும். மாணவர் எண்ணிக்கையை உயர்த்திவிட்டு விடுதி கட்டாமல் இருந்தால் நேர்மாறாக நடக்கும். 2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டபோது மாணவர்களும் ரயில் பயணிகளும் ஒரே நேரத்தில் காணாமல் போனதைப் பார்த்தோம். வாடகை வருமானத்தை நம்பிக் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு அது கடினமான காலமாக இருந்தது. ஆகவே, ஒரு அறையை மாணவருக்கு விட்டுத் தவணையில் ஒரு பகுதியைச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அந்த வருமானம் இல்லாமலும் கட்டக்கூடிய தவணைத் தொகைக்கு மட்டும் கடன் வாங்குங்கள்.