ஓரப் பட்டை ஏன் உடைகிறது? கிடார் பட்டறை: கேள்வி – பதில்

கேள்வி: கிடார் விளிம்பில் ஒட்டும் பைண்டிங்குக்காக ஈட்டி மரத்தை டேபிள் சாவில் (மேசை ரம்பத்தில்) 2 மி.மீ. பட்டையாக அறுக்கிறேன். ஒரே பட்டையில் ஒரு முனை 1.7, மறுமுனை 2.4 என்று வருகிறது. இரண்டு பட்டைகள் அம்பு மாதிரிப் பின்னால் பாய்ந்தன. எங்கே தவறு?
– வாசகர், கோவை

பதில்: பாய்ந்ததைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பட்டையை ஃபென்ஸ் (பலகையை நேராக ஓட்ட உதவும் வழிகாட்டிச் சட்டம்) பக்கம் விட்டு அறுத்திருப்பீர்கள். பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே 2 மி.மீ. இடுக்கில் மாட்டிய பட்டை சற்றே நெளிந்தாலும் பின்பக்கப் பல் அதைக் கவ்வி எறிந்துவிடும். பலகைதான் ஃபென்ஸை ஒட்டி இருக்க வேண்டும். பட்டை மறுபக்கம் தளர்வாக விழட்டும். அந்தப் பக்கம், பிளேடுக்கு ஓர் அங்குலம் முன்னால், ஒரு தடுப்புக் கட்டையை இறுக்குங்கள். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் பலகை அதைத் தொடும்வரை ஃபென்ஸை நகர்த்தினால் எல்லாப் பட்டையும் ஒரே கனத்தில் வரும். தடுப்பு பிளேடுக்கு நேராக இருந்தால் மறுபடி அதே இடுக்குதான்.

கனம் மாறுவதற்குக் காரணம் பலகையின் விளிம்பு நேராக இல்லாதது, அல்லது ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இல்லாதது. ஒவ்வொரு அறுப்புக்கும் முன் விளிம்பை நீள இழைப்புளியால் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். அதைவிட முக்கியம்: ரம்பத்திடம் கடைசி அளவை எதிர்பார்க்கக் கூடாது. 2.5-க்கு அறுத்து, 2-க்குச் சுரண்டி இறக்குங்கள். கெட்டிக் கட்டை ஒன்றில் ஸ்க்ரேப்பர் எனும் சுரண்டும் தகட்டைச் செங்குத்தாகப் பொருத்தி, அடியில் இடைவெளி விட்டு, பட்டையை அதன் வழியே இழுக்க வேண்டும். தள்ளினால் மடங்கி உடையும். ஒரு தடவைக்கு 0.1 மி.மீ. போதும், பேராசைப்பட்டால் பட்டை துடித்து, முகத்தில் அலை அலையாகத் தடம் விழும். எல்லாப் பட்டையையும் ஒரே இடைவெளியில் இழுத்து முடித்த பிறகே தகட்டை இறக்குங்கள். நார் பிய்ந்தால் பட்டையின் முனையை மாற்றி இழுங்கள்.

மரக் கணக்கு: ஒரு கிடாருக்கு நான்கு பட்டை, உடைவதற்கு இரண்டு சேர்த்து ஆறு. நீளம் 85 செ.மீ., பலகைக் கனம் 7 மி.மீ. சாதாரண 10 அங்குல பிளேடு ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நூல், அதாவது 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கும். ஆறு பட்டைக்கு 33 மி.மீ. அகலம் போய், அதில் 18 தூள். பேண்ட் சாவில் (வளையப் பட்டை ரம்பத்தில்) அறுப்பு 1 மி.மீ. அளவுதான் என்பதால் 21 போதும். ஈட்டி விற்கிற விலைக்கு இது சின்ன வித்தியாசமில்லை. தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, முகமூடி கட்டாயம்.

கேள்வி: சூடான குழாயில் வளைக்கும்போது இடுப்பு வளைவில் மட்டும் பட்டை உடைகிறது. தண்ணீரில் ஊறவைத்தும் பலனில்லை.
– வாசகி, திருச்சி

பதில்: ஊறல் இதைச் சரிசெய்யாது. மரத்தை வளைய வைப்பது சூடுதான். தண்ணீர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகவும் கருகாமல் காக்கவும் மட்டுமே. லேசாகத் தெளித்தால் போதும். குழாய் 150 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். ஒரு சொட்டு விட்டால் ‘சுர்’ரென்று கொதித்து ஆவியாக வேண்டும். மரம் கையில் இளகுவது தெரியும், அதற்கு முன் அழுத்தாதீர்கள். வெளிப்பக்கம் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை அணைத்துப் பிடித்தால் இழுபடும் நாருக்குத் தாங்கல் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் உடைந்தால் குற்றம் பலகையில். 2 மி.மீ. விளிம்பைப் பார்த்தபடி பட்டையைத் திருப்பி, கரிய துளைக்கோடுகளைக் கவனியுங்கள். கோடு நீளவாட்டில் ஓடாமல் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குச் சில அங்குலத்துக்குள் வெளியேறினால், அங்கேதான் உடையும். பலகை வாங்கும்போதே ஓரத்துத் துண்டை உளியால் பிளந்து பாருங்கள். ரம்பம் எங்கே வேண்டுமானாலும் போகும்; பிளவு நார் போகிற வழியில்தான் போகும்.

கேள்வி: பைண்டிங்கை உப்புத்தாளால் சமன் செய்ததும் வெள்ளை ஸ்ப்ரூஸ் மர முகப்பு (கிடாரின் முன்பலகை) அழுக்காகிவிட்டது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஈட்டித் தூள் ஸ்ப்ரூஸின் நாரில் புகுந்துவிட்டது. பைண்டிங் ஒட்டுவதற்கு முன்பே முகப்புக்கு மெல்லிய ஷெல்லாக் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) பூச்சு கொடுத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு பூசினால், ஷெல்லாக்கில் உள்ள ஸ்பிரிட் ஈட்டியின் நிறத்தைக் கரைத்து வெள்ளை மேல் இழுத்துவிடும். சமன் செய்ய ஸ்க்ரேப்பர் மட்டும்; தூளைத் துடைக்காமல் வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். இப்போது படிந்த கறையையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். முகப்பின் கனமே 2.5 மி.மீ. சுமார்தான், எனவே நாலைந்து ஓட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.