வாசகர் கேள்வி-பதில்: கடை, அலுவலகத் தீ பாதுகாப்பில் சட்டப் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் ஜவுளிக் கடை நடத்துகிறேன். தீ பாதுகாப்புக்குக் கட்டட உரிமையாளர்தானே பொறுப்பு?

நீங்களும்தான். எந்த இடம் யார் கையில் இருக்கிறதோ அந்த இடத்துக்கு அவரே பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் பொதுவான சட்ட அடிப்படை. இங்கிலாந்து, வேல்ஸில் நடப்பிலுள்ள 2005-ஆம் ஆண்டு தீ பாதுகாப்பு ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது: வேலை நடக்கும் இடம் ஓரளவுக்காவது முதலாளியின் கட்டுப்பாட்டில் இருந்தால், பொறுப்பாளர் அவர்தான். பொது மாடிப்படி, மெயின் மின் பலகை, கட்டடம் முழுக்க ஓடும் அலாரம் ஆகியவை பெரும்பாலும் உரிமையாளர் பக்கம் வரும். கடைக்குள் இருக்கும் சரக்கு, ஒயரிங், ஆட்களுக்கான பயிற்சி உங்கள் பக்கம். அலாரத்தை யார் சோதிப்பது, படிக்கட்டு விளக்கை யார் மாற்றுவது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேருமே ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்ட வேலைதான் விபத்துக்குப் பிறகு வெளியே வரும்.

கேள்வி: பின்வாசல் வழியாகச் சரக்கு திருட்டுப் போகிறது. அதைப் பூட்டி, சாவியை மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். தவறா?

தவறு, அதுவும் உயிரைக் குடிக்கும் தவறு. தயவுசெய்து இன்றே பூட்டை எடுத்துவிடுங்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாம் மாடியில் படிக்கட்டுக்குப் போகும் ஒரு கதவு பூட்டியிருந்தது. அங்கேயும் திருட்டைத் தடுக்கத்தான் கதவுகளைப் பூட்டிவைத்தார்கள் என்று சொல்லப்பட்டது.

ஆட்கள் உள்ளே இருக்கும்போது, வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் உடனே திறக்க வேண்டும். புகையில் கண் தெரியாது; அந்த நேரத்தில் சாவிக்காரர் எங்கே என்று யாரும் தேட முடியாது. திருட்டுக்கு வேறு வழி இருக்கிறது. அழுத்தினால் திறக்கும் ‘புஷ் பார்’ போட்டு, கதவு திறந்ததும் சத்தம் எழுப்பும் கருவியை அதில் பொருத்துங்கள். வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளிருந்து யாரும் சத்தமில்லாமல் போகவும் முடியாது. காந்தப் பூட்டு போட்டிருந்தால், கரண்ட் போனாலும் தீ அலாரம் அடித்தாலும் அது தானாக விட்டுவிட வேண்டும். இரண்டையும் நேரில் சோதித்துப் பாருங்கள். அலாரத்தோடு இணைக்காமலே பூட்டை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் கவனியுங்கள். 50 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அறை என்றால், கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி. கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றால் உள்பக்கம் இழுக்கும் கதவைத் திறக்கவே முடியாது. பிறகு கதவுக்கு வெளியே போய்ப் பாருங்கள். பைக்கோ, காலி அட்டைப்பெட்டிகளோ அங்கே அடைத்திருந்தால், திறக்கும் கதவும் பூட்டிய கதவும் ஒன்றுதான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கணக்குப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம். மோட்டார் ஷட்டர் என்றால் கரண்ட் போனதும் அப்படியே நின்றுவிடும்.

கேள்வி: கடையில் தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் மட்டும் இருக்கிறது. போதுமா?

எது எரியும் என்பதைப் பொறுத்தது. துணி, காகிதம், மரம் என்றால் தண்ணீர் அல்லது நுரை. மின் பலகை, கம்ப்யூட்டர் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு. எண்ணெய்ச் சட்டி இருந்தால் அதற்கென்றே உள்ள ‘வெட் கெமிக்கல்’ வகை. அங்கே கார்பன் டை ஆக்சைடை அடித்தால் அதன் வேகத்தில் கொதிக்கும் எண்ணெய் சிதறும். பவுடர் பல வகைத் தீக்கும் ஆகும், ஆனால் மூடிய அறையில் அடித்தால் வழியே தெரியாது, மூச்சும் முட்டும்.

மாதம் ஒருமுறை சிலிண்டரின் பூட்டு ஊசி (‘பின்’), சீல், குழாய், அழுத்தத்தைக் காட்டும் முள் ஆகியவற்றைப் பாருங்கள். முள் பச்சையில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் பொதுவாக முள் இருக்காது. எடை போட்டுத்தான் வாயு குறைந்திருக்கிறதா என்று அறிய முடியும். ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள டெக்னீஷியன் பார்க்க வேண்டும். பவுடர் சிலிண்டரைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று அரை நொடி அழுத்தினாலும் மறுபடி நிரப்பியாக வேண்டும். வால்வு மூடும் இடத்தில் பவுடர் துகள் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் மெல்லக் கசிந்து, தேவைப்படும் நாளில் வெறும் டப்பாவாக நிற்கும்.

கேள்வி: தீ ஆபத்து மதிப்பீட்டை நாமே எழுதலாமா?

சிறிய, எளிய அமைப்புள்ள கடை என்றால் எழுதலாம். மாடிகள் பல இருந்தாலோ, யாராவது அங்கே இரவு தூங்கினாலோ, எளிதில் தீப்பற்றும் பொருள்களைச் சேமித்தாலோ தகுதியுள்ளவரை அழையுங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 2023 அக்டோபர் 1 முதல், எத்தனை பேர் வேலை பார்த்தாலும் மதிப்பீட்டை முழுமையாக எழுதிவைப்பது கட்டாயம்.

எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். இல்லாத படிக்கட்டு அதில் இருக்கும், இருக்கும் ஜெனரேட்டர் இருக்காது. கையில் தாளோடு மூலை முடுக்கெல்லாம் நடந்து எழுதுங்கள்: எது பற்றவைக்கும், எது எரியும், யாருக்கு வெளியேற உதவி தேவை, அந்த உதவியை யார் செய்வார். ரேக்குகளை இடம் மாற்றினாலோ, லித்தியம் பேட்டரி வண்டிகளுக்கு உள்ளே சார்ஜ் போட ஆரம்பித்தாலோ பழைய மதிப்பீடு செல்லாது. வெளியேறும் வழியில் சார்ஜ் போடவே கூடாது.

கேள்வி: அலாரம் அடிக்கடி சும்மா அடிக்கிறது. அணைத்து வைக்கலாமா?

கூடாது. எந்த டிடெக்டர் அடித்தது என்று பேனலில் பார்த்துக் குறித்துவையுங்கள். சமையல் புகை, நீராவி படும் இடமென்றால், புகை டிடெக்டருக்குப் பதில் வெப்ப டிடெக்டர் போடச் சொல்லுங்கள். தூசி, பூச்சி என்றால் சுத்தம் செய்தால் தீரும். வெல்டிங் போன்ற வேலைக்காக ஒரு பகுதியை மட்டும் நிறுத்தினால், அந்த நேரத்துக்குக் காவலுக்கு ஓர் ஆளைப் போட்டு, நிறுத்தியவரே திரும்ப இயக்கி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

கேள்வி: தீயணைப்புத் துறைச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். இனி சிக்கல் வராதல்லவா?

அதிகாரி வந்து பார்த்த நாளில் கடை எப்படி இருந்தது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. மறுநாள் படிக்கட்டில் நீங்கள் அடுக்கும் மூட்டைக்கு அது பதில் சொல்லாது.