ஐஸ் என்ற போதைப்பொருள் (மெத்தம்பெட்டமின்) பற்றிக் கேளுங்கள்: கொழும்பு ஆலோசகரின் பதில்கள்

கொட்டாஞ்சேனை அம்மா: மகனுக்கு 19 வயது. மூன்று நாள் தூங்கவில்லை, இப்போது ஒன்றரை நாளாக எழும்பவே இல்லை. ஐஸா?

பதில்: இருக்கலாம் அம்மா. குடு, அதாவது ஹெரோயின், அடித்தவர் தூங்கி விழுவார், ஐஸ் அடித்தவர் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். எடுத்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகும். அது இறங்கிய பிறகுதான் இப்படி அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். என்னிடம் வந்த ஒரு தம்பி உயர்தரப் பரீட்சைக்கு இரவிரவாகப் படிக்கத்தான் இதைத் தொடங்கினான். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டு ரைஸ் குக்கரைக் கழற்றி, ஸ்குரூ ஆணிகளைச் சின்னது பெரியது பார்த்து மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தானாம். எந்நேரமும் பல்லை நறநறவென்று கடிப்பான், அம்மா பல்வலி என்று நினைத்துப் பல் டொக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். உங்கள் மகன் தானாக எழும்பட்டும். மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள், தட்டியும் அசையாவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸ்.

வெள்ளவத்தை அப்பா: அறையில் பூட்டி வைத்தால் விடுவானா?

பதில்: பூட்டாதீர்கள். ஐஸை நிறுத்திய முதல் நாட்களில் மனம் அடியோடு விழும், சாக வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வரும். பூட்டிய அறைக்குள் அவர் தனியாக இருக்கக் கூடாது.

மட்டக்குளி: விடுவதற்கு மாத்திரை?

பதில்: ஹெரோயினுக்கு மெதடோன் மாதிரி இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆலோசனையும் பொறுமையும்தான். 1927க்கு எடுங்கள், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம்.

தெமட்டகொட அண்ணன்: பொலிஸில் பிடித்துக் கொடுங்கள், பயம் வந்தால் திருந்துவான்.

பதில்: பயம் காட்டுகிற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது அண்ணன். 2022 நவம்பரில் வந்த திருத்தப்படி 5 கிராமுக்கு மேல் பிடிபட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் என்னிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கிராண்ட்பாஸ் அக்கா: தம்பியை நாங்களே கொடுத்தோம். உள்ளே போய்ப் புதுக் கூட்டாளிகளோடு வந்தான்.

தெமட்டகொட அண்ணன்: அம்மாவின் தாலியை அடகு வைத்தவனை மடியில் வைத்துக் கொஞ்சவா?

பதில்: கொஞ்சச் சொல்லவில்லை. நகையையும் காசையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், கை நீட்டினால் பொலிஸைக் கூப்பிடுங்கள். அது உங்களைக் காப்பாற்ற, அவரைத் திருத்த அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளை உண்மை சொல்வதையே நிறுத்திவிட்டான்.

பம்பலப்பிட்டி: பாடசாலை வாசலில் டொஃபியில் கலந்து கொடுக்கிறார்களாமே?

பதில்: இன்று இதை மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது தெரிந்த கூட்டாளி, சொந்த மச்சான். டொஃபியை விட்டுவிட்டு அங்கே பாருங்கள்.

தெஹிவளை: கதவைப் பூட்டினால்...

பதில்: பூட்டாதீர்கள். மேலே சொல்லிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை அம்மா: எழும்பிட்டான். என்ன கேட்க?

பதில்: ஒன்றும் கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், சோறு போடுங்கள், பக்கத்தில் இருங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, "எத்தனை நாளாகத் தூக்கமில்லை மகன்?" என்று மட்டும்.