பொண்ணு இந்தியா, பிரான்ஸ் வங்கிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், வேலை கிடைக்குமா?

சார், போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கடலூரிலிருந்து பஸ் ஏறி புதுச்சேரி லாஸ்பேட்டை வரைக்கும் வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம், கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பேங்க் எக்ஸாம் கோச்சிங்கில் சேர்ந்துவிட்டார்கள், இவள் மட்டும் இந்தியா, பிரான்ஸ் நிதித்துறை ஒப்பீடு என்று ஒரு ப்ராஜெக்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இது சோறு போடுமா? அன்றைக்கு வெளியே நாலு குடும்பம் காத்திருந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மீதியை எழுதுகிறேன். பாப்பாவையும் படிக்கச் சொல்லுங்கள், சில இடங்களில் நேராக அவளிடமே பேசியிருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடும். ஆனால் இப்போது அவள் செய்து வைத்திருக்கிற மாதிரியே முடித்தால் போடாது.

அவள் நோட்டை நீங்கள் பார்த்தீர்களா? பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடது பக்கம் இந்தியா, வலது பக்கம் பிரான்ஸ். முதல் வரி, தனியாருக்குக் கொடுத்த கடன் ஜிடிபியில் எத்தனை சதவீதம்: இந்தியா சுமார் 50, பிரான்ஸ் 100-க்கு மேல். அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில் 'பிரான்ஸ் முன்னேறியது' என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாள். அடுத்த வரிக்கும் அப்படியே ஒரு வட்டம், அதற்கடுத்ததற்கும். எண்களில் தப்பில்லை, உலக வங்கியின் தரவுத் தளத்திலிருந்து ஒழுங்காக எடுத்திருக்கிறாள். அந்த வட்டங்கள்தான் பிரச்சினை. எண்ணை எடுத்துக் கொடுக்க இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும், அதற்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள். இந்த எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம்.

அந்த 50 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் கடன் குறைவு என்றால் நம் ஜனங்கள் கடன் வாங்குவதில்லை என்றா அர்த்தம்? தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார், பிடித்த மீனை அவரிடமே போட்டுக் கழித்துக்கொண்டிருப்பார். பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை வாங்கி உடைக்கிற சிறிய ஆட்கள், தெருவுக்குத் தெரு அடகுக் கடை, மாதச் சீட்டு, கந்துவட்டி, இதில் பெரும்பகுதி அந்த 50-க்குள் வராது. பிரான்ஸில் குடும்பங்களின் கடன் பெரும்பாலும் ஒரு வங்கியின் கணக்கில் இருக்கும். ஆக இந்த ஒரு வரி, எந்த நாட்டில் கடன் அதிகம் என்பதைவிட, எந்த நாட்டில் கடன் கணக்குக்குள் வருகிறது என்பதைத்தான் சொல்கிறது.

அப்புறம், அந்த எண் ஏற ஏற நல்லது என்பதும் உண்மையில்லை. 2012-ல் ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, தனியார் கடன் ஜிடிபியின் 100 சதவீதத்தைத் தொடுகிற இடத்தில், அது வளர்ச்சிக்குக் கைகொடுப்பது நின்று பாதகமாக மாறத் தொடங்குகிறது என்று காட்டியது. அந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. பரவாயில்லை, பாப்பா அந்த விவாதத்தைப் படிக்கட்டும். அதைப் படித்த பிறகு அந்த முதல் வட்டத்தை அவளே அடித்துவிடுவாள்.

இதை நீ கவனிம்மா. உலக வங்கி நிதித்துறையை அளக்க நாலு கோணம் வைத்திருக்கிறது: ஆழம், அதாவது நாட்டின் பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது, எத்தனை பேருக்கு எட்டுகிறது, எவ்வளவு செலவில் வேலை நடக்கிறது, எவ்வளவு உறுதியாக நிற்கிறது. இந்த நாலையும் வங்கிக்கும் பார்க்க வேண்டும், பங்குச் சந்தைக்கும் பார்க்க வேண்டும். உன் நோட்டில் இருப்பது பெரும்பாலும் முதல் கோணம்தான்.

எட்டுகிற கணக்கில் நமக்குச் சொல்லிக்கொள்ள நல்ல கதை இருக்கிறது. உலக வங்கியின் கணக்கெடுப்பில், வங்கிக் கணக்கு வைத்திருக்கிற பெரியவர்கள் 2011-ல் இந்தியாவில் 35 சதவீதம், 2021-ல் 78, 2024-ல் 89. நடுவில் 2014-ல் ஜன் தன் வந்தது. பிரான்ஸில் ஏறக்குறைய எல்லோருக்கும் கணக்கு உண்டு, அதனால் அங்கே இந்த எண் நகரவே நகராது. ஆனால் 2021 கணக்கெடுப்பிலேயே இன்னொரு வரி இருக்கிறது: இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஒரு வருடமாக அதில் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அதைப் பக்கத்தில் வைக்காமல் முதல் எண்ணை மட்டும் எழுதினால் படம் கோணலாகிவிடும்.

உறுதி என்ற கோணத்தில் வாராக்கடன், அதாவது கொடுத்த கடனில் எத்தனை சதவீதம் திரும்பி வராமல் நிற்கிறது என்பது. மார்ச் 2018-ல் நம் வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, மார்ச் 2024-ல் 2.8. பிரான்ஸில் சுமார் 2. ஆஹா, எட்டிப் பிடித்துவிட்டோம் என்று எழுதத் தோன்றும். ஆனால் எப்படிக் குறைந்தது என்று கேட்க வேண்டும். கொஞ்சம் வசூலானது, கொஞ்சம் 2016-ல் வந்த திவால் சட்டத்தின் வழியாகத் தீர்ந்தது, நிறையக் கடனை வங்கிகள் தங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்தே நீக்கின, அந்த நஷ்டத்தைத் தாங்க அரசு தன் வங்கிகளுக்கு மூலதனம் போட்டது, அதோடு புதிய கடன்கள் கூடியதால் சதவீதமும் இறங்கியது. இந்த ஐந்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்த இன்டர்வியூ போர்டும் சும்மா அனுப்பாது.

சரி, இப்போது செலவுக் கோணம். இதில்தான் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் உங்கள் வீடே இருக்கிறது சார். வீட்டுக் கடன் 15 வருடத்தில் முடியும் என்று வாங்கினேன், இப்போது 20-ஐத் தாண்டிக் காட்டுகிறது, வங்கியில் கேட்டால் வட்டி ஏறிவிட்டது என்கிறார்கள் என்று போகிற போக்கில் சொன்னீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சம், 7 சதவீத வட்டி, 15 வருடம் என்றால் மாதத் தவணை 17,977 ரூபாய். மே 2022-லிருந்து பிப்ரவரி 2023 வரைக்கும் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கிற கடனுக்கான வட்டியை, 4-லிருந்து 6.5-க்கு ஏற்றியது. நம் ஊரில் வங்கி தரும் வீட்டுக் கடன் பெரும்பாலும் அந்த ரெப்போவோடு கட்டப்பட்டது, அதனால் 7 என்பது 9.5 ஆனது. தவணையை அதே 17,977-ல் வைத்தால், தொடக்கத்திலேயே வட்டி ஏறிய கடன் முடிய 180 மாதத்துக்குப் பதிலாக ஏறக்குறைய 270 மாதம் ஆகும். ஏழரை வருடம் கூடுதல்.

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் வட்டி ஏறியது. பிரான்ஸ் தனியாக வட்டி நிர்ணயிப்பதில்லை, யூரோ நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிற ஐரோப்பிய மத்திய வங்கிதான் முடிவு செய்யும். அது 2023 செப்டம்பருக்குள் தன் வைப்பு வட்டியை, அதாவது வங்கிகள் தன்னிடம் போடும் பணத்துக்குத் தருகிற வட்டியை, 4 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. ஆனால் 2021-ல் ஒரு சதவீதத்தை ஒட்டிய வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய பிரெஞ்சுக்காரருக்கு ஒரு யூரோ கூட ஏறவில்லை. அங்கே வீட்டுக் கடன் பெரும்பாலும் கடைசி வரை நிலையான வட்டி. அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது? வங்கியின் தலையில். பழைய கடனிலிருந்து வருவது அதே ஒரு சதவீதம், ஆனால் சேமிப்புக்கு அதிகம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அங்கே 'லிவ்ரே ஆ' என்று ஒரு சேமிப்புக் கணக்கு, நம் போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு மாதிரி, வட்டியை அரசு நிர்ணயிக்கும், வரி கிடையாது, 22,950 யூரோ வரை போடலாம். அதன் வட்டி 2023 பிப்ரவரியில் 3 சதவீதமானது.

இப்போது பாப்பாவின் நோட்டில் 'வங்கியின் வட்டி லாப விகிதம்' என்ற வரியைப் பாருங்கள், கடனுக்கு வாங்குகிற வட்டிக்கும் சேமிப்புக்குக் கொடுக்கிற வட்டிக்கும் நடுவில் வங்கிக்கு மிஞ்சுவது அது. இந்தியா 3-க்கு மேல், பிரான்ஸ் சுமார் 1, இந்தியாவுக்கு வட்டம். வங்கியின் பங்கு வாங்குகிறவர் கண்ணுக்கு அது சரி. மாதம் 17,977 கட்டுகிற உங்கள் கண்ணுக்கு? வட்டி ஏறுகிற அபாயத்தை ஒரு நாட்டில் குடும்பம் சுமக்கிறது, இன்னொரு நாட்டில் வங்கி சுமக்கிறது, அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதிதான் இந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அவளுடைய மொத்த ப்ராஜெக்டையும் இந்த ஒரு கேள்வியை நடுவில் வைத்தே எழுதலாம்.

பங்குச் சந்தையைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். சந்தை மதிப்பை ஜிடிபியால் வகுத்து ஒப்பிடும்போது, பாரிஸ் சந்தையின் பெரிய கம்பெனிகள், லூயி வித்தானை வைத்திருக்கிற எல்விஎம்எச், லோரியால், டோட்டல் எனர்ஜீஸ், இவை சம்பாதிப்பது பெரும்பாலும் பிரான்ஸுக்கு வெளியே என்பதை மறக்காதே. மேலே இருக்கிற எண் உலகத்தினுடையது, கீழே இருக்கிற எண் பிரான்ஸினுடையது. நம் நிஃப்டி குறியீட்டிலோ மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிதி நிறுவனங்களே.

இந்தத் தலைப்பை அவள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு தனிப்பட்ட சந்தோஷமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே பாங்க் தெ லிந்தோஷீன் என்ற பிரெஞ்சு வங்கி புதுச்சேரியில் கிளை வைத்து, இங்கே புழங்குவதற்கு ரூபாய் நோட்டே அச்சடித்தது. அதுவே பிற்பாடு இந்தோசுயேஸ் ஆகி, இன்று கிரெதி அக்ரிகோல் குழுமத்துக்குள் இருக்கிறது. இந்த ஒப்பீட்டைச் செய்ய டெல்லியில் இருக்கிற பிள்ளையைவிட நம் ஊர்ப் பிள்ளைக்கு உரிமை அதிகம்.

இனி வேலை. பிரெஞ்சு வங்கியில் வேலை என்றதும் நீங்கள் விமானத்தையும் கடனையும் நினைத்தீர்கள், முகத்திலேயே தெரிந்தது. பிஎன்பி பரிபாவுக்குச் சென்னையில் பெரிய அலுவலகம் இருக்கிறது, சொசியேத்தே ஜெனராலுக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறது, உலக வங்கிக்கே சென்னையில் ஓர் அலுவலகம் உண்டு. ரிஸ்க், ஒழுங்குமுறை அறிக்கை, கடன் ஆய்வு என்று அங்கே நடக்கிற வேலைகளில் ஒரு பகுதி, இரண்டு நாட்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வேலைதான். உதாரணத்துக்கு, வங்கிகளின் பாதுகாப்புக்கான சர்வதேச பாசல் விதி, கொடுத்த கடன்களின் ரிஸ்க்கைக் கணக்கிட்டு அதில் குறைந்தது 8 சதவீதம் வங்கியின் சொந்த மூலதனமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது, நம் ரிசர்வ் வங்கி 9 கேட்கிறது. ஏன் என்று இரண்டு நிமிடம் பேசத் தெரிந்தால் போதும், கதவு திறக்கும்.

அரசு வேலைதான் வேண்டும் என்றால் அதற்கும் இந்த ப்ராஜெக்ட் குறுக்கே நிற்காது. ரிசர்வ் வங்கியில் கிரேடு பி அதிகாரிகளில் பொருளாதார ஆராய்ச்சித் துறைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, எம்.ஏ. பொருளாதாரத்தில் 55 சதவீதம் வேண்டும், 30 வயதுக்குள் எழுத வேண்டும். யூபிஎஸ்சி நடத்துகிற இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வும் இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை, அதை மறைக்க மாட்டேன். அதனால் பேங்க் பிஓ தேர்வையும் கூடவே எழுதட்டும். காலையில் ஒன்றரை மணி நேரம் கணக்கும் ரீசனிங்கும் போட்டால் ப்ராஜெக்ட் கெட்டுப்போகாது.

பிரான்ஸுக்கே போய்ப் படிக்க வேண்டும் என்று அவள் கேட்டால் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வீட்டை அடமானம் வைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு, பிரான்ஸ் நிதித்துறை எவ்வளவு பெரியது பாருங்கள் என்று இதே மாதிரி ஒரு பட்டியலைக் காட்டித்தான் ஒரு தனியார் பிசினஸ் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாமல் போனான், வேலை கிடைக்கவில்லை, அவன் அப்பா இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு நாட்டின் வங்கிகள் பெரியவை என்பது வெளியிலிருந்து வருகிறவனுக்கு அங்கே இடம் இருக்கிறது என்று சொல்லாது. போவதாக இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதுகலைக் கட்டணம் 2019-ல் வருடத்துக்கு 3,770 யூரோ என்று வைத்தார்கள், பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, விலக்குத் தருகிற பல்கலைக்கழகங்களும் உண்டு. படிக்கும்போது வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம். தங்கும் செலவுதான் பெரிது. பிரெஞ்சில் பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசி எழுதுகிற நிலை, இல்லாமல் விண்ணப்பிக்கவே வேண்டாம். அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு கற்றுத்தருகிற நிறுவனம் பக்கத்திலேயே இருக்கும்போது அந்த மொழியைக் கற்க வெளிநாடு போக வேண்டியதில்லை, சென்னை வேலைக்குமே அது ஒரு கூடுதல் பலம்.

பாப்பா, இந்த மாதம் நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். வரிகளை ஆறாகக் குறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடத்து எண்ணை விட்டுவிட்டு 2010-லிருந்து எடு, கோடு எங்கே திரும்புகிறது என்று பார், அந்த வருடம் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று தேடி எழுது. ரிசர்வ் வங்கியின் தரவுத் தளம், அந்த நாட்டு மத்திய வங்கியான பாங்க் தெ பிரான்ஸின் தளம், ஐ.எம்.எஃப்.-இன் நிதி உறுதிக் குறியீடுகள், மூன்றும் இலவசம். எக்செல் போதும், நேரம் இருந்தால் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள். ஒரு எண்ணை இரண்டு நாடும் ஒரே மாதிரிதான் கணக்கிடுகின்றனவா என்று பார்க்காமல் எழுதாதே.

சார், அடுத்த தடவை வரும்போது அந்த நோட்டோடு உங்கள் வீட்டுக் கடன் ஸ்டேட்மென்டையும் எடுத்து வாருங்கள், 2022-லிருந்து இருந்தால் போதும். அவள் முதல் அத்தியாயத்தை அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.